சினைப்பைப் புற்றுக் குருத்தணுக்கள் கதிர்வீச்சைத் தாங்குகின்றனவா: ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

சினைப்பைப் புற்றுநோயில் உள்ள குருத்தணுக்கள் கதிர்வீச்சுக்குத் தப்பிப் பிழைத்து, பிறகு கட்டியை மீண்டும் வளர்க்கின்றன என்பது ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இன்று வழக்கமான வரியாகிவிட்டது. அந்த வரியைத் தம் சொந்தச் சோதனையால் நிறுவவோ மறுக்கவோ விரும்பும் முதுநிலை மாணவருக்கும், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருப்பவருக்கும் உரிய வழிகாட்டி இது. செல் வளர்ப்பில் கைப்பழக்கமும், கதிர்வீச்சுக் கருவியைப் பயன்படுத்த முறையான அனுமதியும் உங்களுக்கு இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நோயாளிகளுக்கான சிகிச்சை ஆலோசனை எதுவும் இதில் இல்லை.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவின் இலக்கணம் இரண்டே பண்புகளில் அடங்கும். அது தன்னைப் போன்ற இன்னொன்றை உண்டாக்க வேண்டும். தன்னிலிருந்து வேறுபட்ட செல்களையும் பிறப்பிக்க வேண்டும். புற்றுநோயில் இத்தகைய செல்கள் உண்டு என்பதற்கான வலுவான சான்று, டொரான்டோவில் ஜான் டிக் குழுவினர் 1994இலும் 1997இலும் இரத்தப் புற்றில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. சினைப்பைப் புற்றில் குருத்தணுப் பண்புள்ள செல்களைப் பற்றிய முதல் ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவிலிருந்தே வெளிவந்தது: புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் ஷர்மிளா பாபட் குழுவினர் 2005இல் அதை வெளியிட்டனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், சிடி44, சிடி117 ஆகிய இரண்டு புரதங்களையும் மேற்பரப்பில் கொண்ட செல்கள் 100 இருந்தாலே எலியில் கட்டி உருவாகிறது என்றும், இரண்டும் இல்லாத செல்கள் ஒரு லட்சம் இருந்தும் கட்டி உருவாகவில்லை என்றும் வேறொரு குழு காட்டியது.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் 2006ஆம் ஆண்டு ஆய்வு மூளைப்புற்றான கிளையோமாவில் நடந்தது. சிடி133 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள செல்கள் டிஎன்ஏ சேதத்தை உணர்ந்து செல் சுழற்சியை நிறுத்தும் சோதனைச் சாவடிகளைக் கூடுதலாக இயக்கிப் பிழைக்கின்றன என்று அது காட்டியது. அந்த முடிவை அப்படியே சினைப்பைக்கு ஏற்றிப் பேசுவதுதான் இத்துறையில் அடிக்கடி காணப்படும் சறுக்கல். மூளையில் உண்மையாக இருப்பது சினைப்பையிலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் காட்டியாக வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சினைப்பைப் புற்றில் கதிர்வீச்சு இன்று பின்னணிக்குச் சென்றதற்குச் செல்களின் தாங்கும் திறன் மட்டும் காரணமன்று. 1970களிலும் 1980களிலும் அறுவை சிகிச்சைக்குப் பின் வயிறு முழுவதற்கும் கதிர் செலுத்தும் முறை பல மையங்களில் இருந்தது. டொரான்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனை அதில் முன்னணியில் நின்றது. ஆனால் இந்நோய் வயிற்றறை முழுவதும் பரவுவது; குடல், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் கதிரின் பாதையிலேயே இருக்கும். அவை தாங்கக்கூடிய அளவு வயிறு முழுவதற்கும் ஏறத்தாழ 22 முதல் 30 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) வரைதான். கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள கட்டியை அழிக்க 50 கிரேக்கு மேல் தேவைப்படும். இந்த இடைவெளியை நிரப்ப முடியாத நிலையில் பிளாட்டினம் மருந்துகளும் பின்னர் பாக்லிடாக்செலும் வந்து முதலிடத்தைப் பிடித்துக்கொண்டன. ஓரிடத்தில் மட்டும் திரும்பி வந்த கட்டி, கட்டுக்கடங்காத இரத்தக்கசிவு, வலி, மூளைக்குப் பரவிய நோய் ஆகியவற்றுக்கு இன்றும் கதிர்வீச்சு பயன்படுகிறது. ஆகவே உங்கள் பெட்ரித் தட்டு பதில் சொல்லக்கூடியது செல்லின் உள்ளார்ந்த தாங்கும் திறனைப் பற்றி மட்டுமே. சுற்றியுள்ள உறுப்புகள் விதிக்கும் எல்லையைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இனி கேள்வியை மூன்றாகப் பிரிக்கலாம். நான் பிரித்தெடுத்த செல்கள் உண்மையில் குருத்தணுக்களாக நடந்துகொள்கின்றனவா? அதே கதிர் அளவில், ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால், அவை மற்றச் செல்களைவிட அதிகம் பிழைக்கின்றனவா? பிழைக்கின்றன என்றால் எதனால்? இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதல் இரண்டுக்கும் விடை காணாமல் மூன்றாவதற்குத் தாவி, ஏதோ ஒரு சமிக்ஞைப் பாதையின் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) படத்தைக் காட்டும் கட்டுரைகள் நிறைய உள்ளன.

செல் வரிசையைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான ஆய்வகங்களின் உறைகலனில் எஸ்கேஓவி-3, ஏ2780 ஆகிய இரண்டு செல் வரிசைகளும் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகள்) இருக்கும் என்பதால் அவற்றிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது வழக்கம். 2013இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, செல் வரிசைகளின் மரபணு விவரங்களை நோயாளிகளின் கட்டிகளோடு ஒப்பிட்டு, இந்த இரண்டும் உயர்தர சீரஸ் வகைப் புற்றுக்கு நல்ல மாதிரிகள் அல்ல என்று காட்டியது; குராமோச்சி, ஓவ்சாஹோ போன்றவை அவ்வகைக்கு மிக நெருக்கமானவை என்றும் சொன்னது. சினைப்பைப் புற்றுகளில் அதிகம் காணப்படுவதும் அதிக உயிரிழப்புக்குக் காரணமாவதும் உயர்தர சீரஸ் வகையே. 2011இல் வெளியான புற்றுநோய் மரபணுத் தொகுதித் திட்டத்தின் ஆய்வில், அவ்வகையைச் சேர்ந்த, மரபணு வரிசை பார்க்கப்பட்ட 316 கட்டிகளில் 96 சதவீதத்தில், பி53 புரதத்தை உண்டாக்கும் டிபி53 மரபணு பிறழ்ந்திருந்தது. ஏ2780இல் டிபி53 பிறழாமல் இருக்கிறது. எஸ்கேஓவி-3 செல்லோ பி53 புரதத்தையே உண்டாக்குவதில்லை. கதிர்வீச்சுக்குப் பின் செல் என்ன முடிவெடுக்கிறது என்பதில் பி53 மையமான இடத்தில் இருப்பதால், ஒன்றில் கிடைத்த முடிவை மற்றொன்றுக்கும் பொருத்திவிட முடியாது.

குறைந்தது இரண்டு செல் வரிசைகளை எடுங்கள்; அவற்றுள் ஒன்றேனும் உயர்தர சீரஸ் வகைக்கு நெருக்கமானதாக இருக்கட்டும். நோயாளியின் வயிற்று நீரிலிருந்து நேரடியாகப் பெற்ற செல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். எந்தச் செல்லாக இருந்தாலும் எஸ்டிஆர் எனப்படும் மரபணு அடையாளச் சோதனையால் அதன் அடையாளத்தை உறுதி செய்து, மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாத் தொற்று இல்லை என்று தெரிந்துகொண்ட பின்னரே தொடங்குங்கள். மார்பகப் புற்றுச் செல் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட என்சிஐ/ஏடிஆர்-ஆர்இஎஸ் உண்மையில் ஓவ்கார்-8 என்ற சினைப்பைப் புற்றுச் செல்லின் வழித்தோன்றல் என்று பின்னர் தெரியவந்ததை நினைத்தால், இந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது.

செல்களைப் பிரித்தெடுத்தல்

சினைப்பையில் குருத்தணுவை அடையாளம் காட்டும், எல்லோரும் ஏற்கும் ஒற்றை மார்க்கர் கிடையாது. சிடி44 உடன் சிடி117, சிடி133, ஏஎல்டிஎச் நொதியின் செயல்பாடு, சிடி24 எனப் பலவும் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒரே நோயாளியின் கட்டியில்கூட இவை ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அளவுகோல்களைச் சேர்த்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. ஏஎல்டிஎச் செயல்பாட்டையும் சிடி133ஐயும் சேர்த்துப் பார்ப்பது அத்தகைய ஓர் இணை.

ஏஎல்டிஎச் அளவிட, அந்நொதி செயல்பட்டால் ஒளிரும் ஆல்டிஃப்ளூர் வினைப்பொருளைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் 30 முதல் 60 நிமிடம் வைக்க வேண்டும். செல் வரிசைக்கு ஏற்ப உகந்த நேரத்தை முன்கூட்டியே கண்டறிந்து, பிறகு மாற்றாமல் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் டிஇஏபி தடுப்பான் சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரி கட்டாயம். ஒளிரும் செல்களை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் எல்லைக்கோட்டை அதைக் கொண்டே வரைய வேண்டும். ஒரு மாதிரிக்கு வரைந்த கோட்டை மற்றொன்றுக்கு நகலெடுத்தால், மூன்று சதவீதம் ஏழு சதவீதமாக மாறிவிடும். வினை முடிந்ததும் செல்கள் பனிக்கட்டியில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒளிரும் விளைபொருளைச் செல் வெளியே தள்ளிவிடும்.

மேற்பரப்புப் புரதங்களுக்கு ஆன்டிபாடி பயன்படுத்தும்போது, செல்களைத் தட்டிலிருந்து எடுக்கும் முறையைக் கவனியுங்கள். ட்ரிப்சின் சில மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும். அக்யூடேஸ் போன்ற மென்மையான நொதியோ, இடிடிஏ மட்டுமோ பொருத்தமாக இருக்கும். இறந்த செல்கள் ஆன்டிபாடியைக் கண்டபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் 7-ஏஏடி போன்ற சாயத்தால் அவற்றை விலக்குங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைச் செல்களையும் விலக்குங்கள். மார்க்கர் உள்ளவை, இல்லாதவை என்ற இரண்டு கூட்டங்களோடு, லேசரால் பார்த்துச் செல்களைப் பிரிக்கும் கருவிக்குள் சென்று பிரிக்கப்படாமல் வெளிவந்த மூன்றாவது கூட்டமும் உங்களிடம் இருக்க வேண்டும். கருவியின் அழுத்தமும் லேசரும் செல்லுக்கு ஒரு சுமைதான். அந்தச் சுமையின் விளைவைக் கதிரின் விளைவிலிருந்து பிரித்துக்காட்ட இந்த மூன்றாவது கூட்டம் தேவை. பிரித்த உடனே ஒரு சிறு பகுதியை மீண்டும் கருவியில் ஓடவிட்டுத் தூய்மையைச் சரிபாருங்கள்.

கோள வளர்ப்பு

பிரித்த செல்கள் குருத்தணுக்களாக நடந்துகொள்கின்றனவா என்பதற்கு எளிய சோதனை கோள வளர்ப்பு. சீரம் இல்லாத டிஎம்இஎம்/எஃப்12 ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இஜிஎஃப், 10 நானோகிராம் அடிப்படை எஃப்ஜிஎஃப் (இவை இரண்டும் வளர்ச்சிக் காரணிகள்), 5 மைக்ரோகிராம் இன்சுலின் ஆகியவற்றையும் 0.4 சதவீதம் பிஎஸ்ஏ என்ற அல்புமின் புரதத்தையும் சேர்த்து, செல் ஒட்டாத தட்டில் ஏழு முதல் பதினான்கு நாள் வளர்க்கலாம். ஐம்பது மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவற்றைக் கோளமாக எண்ணும் வழக்கம் பரவலாக உள்ளது.

அடர்த்தியாக விதைத்தால் செல்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் உருண்டை குருத்தணுத் தன்மையைக் காட்டாது, ஒட்டும் தன்மையைத்தான் காட்டும். சினைப்பைப் புற்றுச் செல்கள் வயிற்று நீரில் இயல்பாகவே கூட்டமாகத் திரள்பவை என்பதால் இங்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு குழிக்கு ஒரு செல் என்று விதைத்து, முதல் நாளே நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்வதே ஐயத்துக்கு இடமில்லாத வழி. பிறகு கோளத்தைப் பிரித்து மீண்டும் விதைத்து, இரண்டாம் மூன்றாம் தலைமுறையிலும் கோளம் உருவாகும் விகிதம் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சீரம் கொடுத்தால் அவை ஒட்டிப் படர்ந்து மார்க்கரை இழக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். தன்னைப் புதுப்பித்தல், வேறுபடுதல் என்ற இரண்டு பண்புகளுக்கும் ஆய்வகத் தட்டு தரக்கூடிய சான்று இவ்வளவுதான்.

கோளமாக இருக்கும்போதே கதிர் செலுத்தி, ஒற்றை அடுக்காக வளர்ந்த செல்களோடு ஒப்பிட்டு, "குருத்தணுக்கள் தாங்குகின்றன" என்று முடிவு கட்டுவது செல்லாது. பெரிய கோளத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் நன்றாக உள்ள செல்லில் ஏற்படும் அதே சேதத்தை ஆக்சிஜன் அற்ற செல்லில் ஏற்படுத்த ஏறத்தாழ 2.5 முதல் 3 மடங்கு டோஸ் தேவை. அதாவது குருத்தணு ஒன்றுகூட இல்லாத உருண்டையும் கதிரைத் தாங்கும். ஆகவே கோளங்களைத் தனிச் செல்களாகப் பிரித்து, இரண்டு கூட்டங்களையும் ஒரே நிலையில் வைத்த பின்னரே கதிர் செலுத்த வேண்டும்.

கதிர் செலுத்துதல்

பொதுவாக 0, 2, 4, 6, 8 கிரே என்ற ஐந்து அளவுகள் போதும். எக்ஸ்-கதிர்ப் பெட்டி, சீசியம்-137 கருவி, மருத்துவமனையின் லினாக் (நேர்கோட்டு முடுக்கி) ஆகிய எதைப் பயன்படுத்தினாலும், மருத்துவ இயற்பியலாளரின் உதவியோடு உங்கள் தட்டு இருக்கும் அதே இடத்தில் டோஸை அளந்துவிடுங்கள். கருவியின் மேல் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையை நம்ப வேண்டாம்: சீசியம் மூலத்தின் வலு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 சதவீதமும், கோபால்ட்-60 மூலத்தின் வலு மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதமும் குறையும். 6 மெகாவோல்ட் லினாக்கில் முழு டோஸ் மேற்பரப்பில் கிடைப்பதில்லை, ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடைக்கும் என்பதால், கதிர் நுழையும் பக்கத்தில் நீருக்கு இணையான பலகையை அந்தத் தடிமனில் வைக்க வேண்டும். பொருள்களைக் கிருமி நீக்கக் கிலோகிரே கணக்கில் கதிர் தரும் காமா அறைகள் இந்த வேலைக்கு உதவாது. மாதிரி உள்ளே இறங்கி ஏறும் நேரத்திலேயே திட்டமிட்ட டோஸ் கடந்துவிடும்.

0 கிரே தட்டு இன்குபேட்டரிலேயே தங்கிவிடக் கூடாது. அதுவும் மற்றவற்றோடு கருவி வரை சென்று, அதே நேரம் வெளியே இருந்து, திரும்ப வேண்டும்.

எப்போது கதிர் செலுத்துவது என்பதும் முக்கியம். பிரித்தெடுத்த கூட்டங்கள் சில நாள்களில் மீண்டும் பழைய கலவைக்குத் திரும்பத் தொடங்கும். மார்க்கர் இல்லாதவற்றிலிருந்து மார்க்கர் உள்ளவையும் தோன்றலாம். எனவே செல்கள் தட்டில் ஒட்டிய பிறகு, முதல் பிளவு நடப்பதற்கு முன், அதே நாளில் செலுத்திவிடுவது நல்லது. ஒரு கூட்டம் மட்டும் அதற்குள் பிளந்து இரண்டாகியிருந்தால், ஒரு செல் இறந்தாலும் இன்னொன்று காலனியை உருவாக்கும். அது தாங்கும் திறனைப் போலவே தோற்றமளிக்கும்.

காலனி எண்ணுதல்

இந்தச் சோதனையின் இதயம் இதுதான். பக் என்பவரும் மார்கஸ் என்பவரும் 1956இல் அறிமுகப்படுத்திய முறை இது; இன்றும் இதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை. உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி போன்ற நிறச் சோதனைகள் விரைவானவை என்பதால் பலர் அவற்றை நாடுகிறார்கள். கதிர்வீச்சுக்கு அவை பொருந்தா. கதிர்பட்ட புற்றுச் செல்களில் பெரும்பாலானவை உடனே இறப்பதில்லை. ஒன்றிரண்டு முறை பிளக்க முயன்று, அந்த முயற்சியில்தான் அழிகின்றன. சில பல நாள்கள் பிளக்காமல் பெருத்துக் கிடக்கின்றன. மூன்றாம் நாள் எம்டிடி வைத்தால் இவையெல்லாம் உயிருள்ளவையாகவே நிறம் காட்டும். கட்டியை மீண்டும் வளர்க்கும் ஆற்றல் எதற்கு மிஞ்சியிருக்கிறது என்பதே நம் கேள்வி என்பதால், ஒரு செல்லிலிருந்து குறைந்தது 50 செல் கொண்ட காலனி உருவாகிறதா என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். ஐம்பது செல் என்றால் ஐந்தாறு முறை பிளந்திருக்க வேண்டும்.

டோஸ் கூடக்கூட விதைக்கும் செல்களும் கூட வேண்டும். 0 கிரேக்கு 200 என்றால் 2 கிரேக்கு 400, 4 கிரேக்கு 1,000, 6 கிரேக்கு 3,000, 8 கிரேக்கு 8,000 என்று தொடங்கி, முன்னோட்டச் சோதனையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தட்டிலும் ஏறத்தாழ 30 முதல் 150 காலனி வரை கிடைத்தால் எண்ணுவது நம்பகமாக இருக்கும். பத்து முதல் பதினான்கு நாள் அசைக்காமல் வைத்து, நிலைப்படுத்தி, 0.5 சதவீதக் கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றுங்கள். குருத்தணுக் கூட்டம் மெதுவாகப் பிளப்பதாக இருந்தால் அதே நாளில் அதன் காலனிகள் ஐம்பதை எட்டியிருக்காது. அப்போது இரண்டு கூட்டங்களுக்கும் நாளைக் கூட்ட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கூட்டக் கூடாது. எண்ணுபவருக்குத் தட்டின் விவரம் தெரியாமல் மறைத்துவிடுங்கள். 45 செல்லா 55 செல்லா என்று கண் தடுமாறும் இடத்தில், விரும்பிய முடிவு தானாக நுழைந்துவிடும்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, கதிர்படாத தட்டில் 200 செல் விதைத்து 60 காலனி வந்தால், விதைப்புத் திறன் 30 சதவீதம். 4 கிரே தட்டில் 1,000 செல் விதைத்து 45 காலனி வந்தால், கதிரே இல்லாதிருந்தால் 300 வந்திருக்கும் என்பதால், பிழைத்த பங்கு 45ஐ 300ஆல் வகுத்த 0.15. குருத்தணுக் கூட்டத்தின் விதைப்புத் திறன் இயல்பாகவே அதிகமாக இருக்கும் வாய்ப்பு உண்டு. காலனி உருவாக்குவது அதன் பண்புதானே. அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் அதனதன் 0 கிரே தட்டைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்யாமல், 4 கிரே தட்டில் ஒன்றில் 45, மற்றொன்றில் 15 என்று புகைப்படம் போட்டு அம்புக்குறி வைத்தால், அது காட்டுவது கதிர் தாங்கும் திறனை அன்று. அதிக எண்ணிக்கையில் விதைக்கும் தட்டுகளில் இறக்கும் செல்களே பிழைத்தவற்றுக்கு ஊட்டமாகிவிடும் என்பதால், கதிரின்றி வெவ்வேறு எண்ணிக்கையில் விதைத்து விதைப்புத் திறன் மாறாமல் இருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிழைத்த பங்கின் மடக்கையை டோஸுக்கு எதிராக வரைந்தால் தோள் கொண்டு வளையும் கோடு கிடைக்கும். அதை, டோஸையும் டோஸின் வர்க்கத்தையும் கொண்ட நேரியல்-இருபடி மாதிரியில் பொருத்தி ஆல்ஃபா, பீட்டா மதிப்புகளையும், 2 கிரேயில் பிழைத்த பங்கையும், பத்தில் ஒரு பங்கு மட்டும் பிழைக்கத் தேவையான டோஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டங்களின் இந்தக் கடைசி டோஸ்களின் விகிதம்தான் தாங்கும் திறனின் அளவு. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு முறை பிரித்த செல்களோடு குறைந்தது மூன்று சோதனைகள் வேண்டும். ஒரே நாளின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகா.

விகிதம் கூடினால் எண்ணிக்கை கூடியதாகாது

பிரித்தெடுக்காத செல்களுக்குக் கதிர் செலுத்தி, சில நாள் கழித்து மார்க்கர் உள்ள செல்களின் சதவீதம் உயர்ந்திருப்பதைக் காட்டுவது மிகவும் பரவலான சோதனை. செலவும் குறைவு, படமும் அழகாக வரும். அது காட்டுவது என்ன என்பதில்தான் சிக்கல். நெல்லைத் தூற்றும்போது பதர் பறந்து போனால் முறத்தில் நெல்லின் விகிதம் உயர்கிறது, ஆனால் நெல் ஒரு மணிகூட அதிகரிப்பதில்லை.

சதவீதத்தோடு உயிருள்ள செல்களின் மொத்த எண்ணிக்கையையும் எடுத்தால் பாதித் தெளிவு பிறக்கும். ஒரு லட்சம் செல்லில் 2 சதவீதம் என்றால் 2,000. கதிருக்குப் பின் 20,000 செல் மிஞ்சி, அதில் 8 சதவீதம் மார்க்கர் உள்ளவை என்றால் 1,600. விகிதம் நான்கு மடங்கானது, எண்ணிக்கையோ குறைந்தது. இங்கு நடந்தது தேர்வு மட்டுமே. அதுவே 5,000 என்று வந்தால் மூன்று விளக்கங்கள் எஞ்சும்: இருந்த குருத்தணுக்கள் பெருகியிருக்கலாம், மற்றச் செல்கள் மார்க்கரை மட்டும் புதிதாக வெளிக்காட்டியிருக்கலாம், அல்லது மற்றச் செல்கள் உண்மையிலேயே குருத்தணுக்களாக மாறியிருக்கலாம். மூன்றாவது கற்பனை அன்று. மார்பகப் புற்றில் குருத்தணு அல்லாத செல்களைக் கதிர்வீச்சு அந்நிலைக்குத் திருப்புகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதைப் பிரித்தறிய, மார்க்கர் இல்லாத கூட்டத்தைத் தனியே எடுத்து, கதிர் செலுத்தி, ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மார்க்கர் தோன்றுகிறதா என்று பாருங்கள். கதிர்படாத அதே கூட்டத்தை இணையாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தோன்றியவற்றை மீண்டும் பிரித்துத் தனிச் செல் கோளச் சோதனைக்கு உட்படுத்தினால், மார்க்கர் மட்டும் வந்ததா, பண்பும் வந்ததா என்பது தெரியும். தொடக்கத்தில் செல்களுக்குச் சிஎஃப்எஸ்இ போன்ற பிளவைக் காட்டும் சாயம் ஏற்றினால், பெருகியவற்றையும் மாறியவற்றையும் ஓரளவு பிரிக்கலாம். ஒவ்வொரு செல்லின் வழிவந்தவற்றையும் அடையாளம் காட்டும் மரபணுப் பட்டைக் குறியீடு இன்னும் உறுதியானது, ஆனால் அதன் செலவை எல்லா ஆய்வகங்களும் தாங்கா.

காரணத்தைத் தேடுதல்

காலனிச் சோதனை உண்மையான வேறுபாட்டைக் காட்டிய பிறகே இந்தப் பகுதிக்கு வாருங்கள். முதலில் விலக்க வேண்டியது செல் சுழற்சி. டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் கட்டத்தின் பிற்பகுதியில் இருக்கும் செல் அதிகம் தாங்கும், அதையடுத்த ஜி2 கட்டத்திலும் பிளவின்போதும் இருப்பது குறைவாகத் தாங்கும். இரண்டு கூட்டங்களின் சுழற்சிப் பரவல் வேறாக இருந்தால், அதுவே முழு விளக்கமாகிவிடலாம். கதிர் செலுத்தும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து டிஎன்ஏ அளவைக் காட்டும் ப்ரொபிடியம் அயோடைடும், சுழற்சியில் உள்ள செல்லைக் காட்டும் கேஐ-67உம் கொண்டு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிஎன்ஏ பழுதுபார்ப்பு. இரட்டை இழை முறிவு நிகழ்ந்த இடத்தில் எச்2ஏஎக்ஸ் புரதம் பாஸ்பேட் ஏற்று, காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகளாக ஒளிரும். ஒரு கிரேக்கு ஒரு செல்லில் ஏறத்தாழ 20 முதல் 40 முறிவுகள். அரை மணி நேரத்தில் எடுத்த எண்ணிக்கை முதலில் ஏற்பட்ட சேதத்தையும், 24 மணி நேரத்தில் எடுத்தது பழுதுபார்க்கப்படாமல் எஞ்சியதையும் சொல்லும். இரண்டையும் எடுத்தால்தான், சேதமே குறைவாக ஏற்பட்டதா, சேதம் விரைவாகச் சரிசெய்யப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியும். இரண்டு கிரேக்கு மேல் போனால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ண முடியாமல் போகும். உயர்தர சீரஸ் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில், இரட்டை இழை முறிவைச் சரிசெய்யும் ஒத்திணைவுப் பழுதுபார்ப்பு குறைபட்டிருப்பதால், அப்பாதையின் புரதமான ஆர்ஏடி51இன் புள்ளிகளையும் எண்ணி உங்கள் செல் வரிசையில் அந்தப் பாதை இயங்குகிறதா என்று முன்னதாகவே அறிந்துகொள்வது பயன்தரும். பி53 செயலிழந்த செல்லில், டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தின் சாவடி இயங்காது. அதன் கனம் முழுவதும் சிஎச்கே1, வீ1 ஆகிய நொதிகள் காக்கும் ஜி2 சாவடியின் மேல் விழுகிறது. இங்கே தேடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

முதற்சேதமே குறைவாக இருந்தால், வினைதிறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பாருங்கள். எக்ஸ்-கதிரின் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்சில் தனியுறுப்பு வழியாகவே நிகழ்கிறது. மார்பகப் புற்றுக் குருத்தணுக்களில் குளூட்டாதையோன் போன்ற காப்புகள் மிகுந்து, இம்மூலக்கூறுகள் குறைவாக இருப்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

எந்தக் காரணத்தைச் சுட்டினாலும், அதைத் தடுத்துப் பார்த்தாக வேண்டும். குளூட்டாதையோன்தான் காரணம் என்றால் பிஎஸ்ஓ என்ற தடுப்பான் கொண்டு அதன் உற்பத்தியைத் தடுத்ததும் குருத்தணுக் கூட்டத்தின் பிழைப்புக் கோடு மற்றதன் கோட்டை நோக்கி இறங்க வேண்டும். மற்றக் கூட்டத்தின் கோடு அதே அளவுக்கு இறங்கக் கூடாது. இரண்டும் சமமாக இறங்கினால் நீங்கள் கண்டுபிடித்தது எல்லாச் செல்லிலும் கதிரின் தாக்கத்தைக் கூட்டும் ஒரு பொதுவான வழி. பயனுள்ள கண்டுபிடிப்புதான், ஆனால் குருத்தணுக்களைப் பற்றியது அன்று.

எலியும் எழுத்தும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருந்தால், கதிர்பட்ட, படாத இரண்டு கூட்டங்களையும் 10,000, 1,000, 100 என்று குறைந்து செல்லும் எண்ணிக்கைகளில் நோயெதிர்ப்பு குன்றிய எலிகளுக்குச் செலுத்தி, கட்டி உருவாக்கும் செல்களின் விகிதத்தைக் கணிக்கலாம். மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட எல்டா என்ற இலவச இணையக் கருவி இந்தக் கணக்கைச் செய்து தரும். எந்த எலி வகை என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறும். மெலனோமாவில் அரிதானவை என்று கருதப்பட்ட கட்டி உருவாக்கும் செல்கள், நோயெதிர்ப்பு இன்னும் குறைந்த எலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருப்பதை 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கட்டுரை எழுதும்போது கதிர்வீச்சுக் கருவியின் வகை, ஆற்றல், டோஸ் வீதம், டோஸை அளந்த முறை, பிரித்த பின் எத்தனை மணி நேரத்தில் கதிர் செலுத்தினீர்கள், பிரிப்பின் தூய்மை, ஒவ்வொரு கூட்டத்தின் விதைப்புத் திறன் ஆகியவற்றை விடாமல் தாருங்கள்; இவை இல்லாத கட்டுரையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. முடிவை "ஓவ்கார்-3 செல்களில் ஏஎல்டிஎச், சிடி133 இரண்டும் உள்ள கூட்டம், இரண்டும் இல்லாத கூட்டத்தைவிட இத்தனை மடங்கு டோஸைத் தாங்குகிறது" என்ற வடிவில், செல் வரிசையையும் மார்க்கரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வேறுபாடு கிடைக்காவிட்டால் அதையும் அதே வடிவில், நம்பக இடைவெளியோடு வெளியிடுங்கள்.